கிதார் வாசிக்கத் தெரியாத கிதார்க்காரர்

(இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் துறை மாணவன்)



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். எடிசன், ஃபாரடே எல்லாரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஒரு ரேடியோ மெக்கானிக். அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் கொல்லிமலை. நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். நன்றாக வாசிக்கிறேனா என்பது வேறு விஷயம்! படிப்பு முடித்துப் போன சீனியர் அண்ணன் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்த கிதார் அது. போன லீவுக்கு அதை ஊருக்குக் கொண்டு போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேர்ந்த அன்றைக்கே மழை. கரண்ட் போச்சு. மூணு நாள் வரவே இல்லை. கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிதார் கொசு பாடுகிற மாதிரிதான் இருக்கும். இதுக்கா இத்தனை காசு கொடுத்தே என்று எங்க அப்பாயி கேட்டுவிட்டது.

சரி, ஒரு சாதா கிதார், அதாவது அக்கூஸ்டிக் கிதார் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். மிளகு விற்ற காசில் அப்பா 7,000 ரூபாய் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஃபீஸ், மெஸ் எல்லாம் போக மிச்சப்பட்ட பணம் அது. தப்பான பொருளை வாங்கிவிட்டால் இன்னொரு மிளகு அறுவடை வரை காத்திருக்க வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்த கிதாரைப் பத்து நிமிஷம் வாசித்தேன். இடது கை விரல் நுனி எரிய ஆரம்பித்துவிட்டது. கம்பி அவ்வளவு உயரம், அவ்வளவு தடிமன். போகப் போகக் கை பழகிவிடும் என்றார் கடைக்காரர். கைதான் கருவிக்குப் பழக வேண்டுமா, கருவி கைக்குப் பழகக் கூடாதா? இந்தக் கேள்வியோடு வாங்காமலே திரும்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடியவர்தான் நான் சொல்ல வந்த லியோ ஃபெண்டர்.

1909 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். சிறு வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. கடைசி வரை கண்ணாடிக் கண்தான். உறவுக்காரர் ஒருவர் அனுப்பி வைத்த பெட்டி நிறைய ரேடியோ உதிரி பாகங்கள்தான் இந்தப் பையனை மாற்றியது. பிரித்துப் பிரித்துப் பூட்டித் தானாகவே கற்றுக்கொண்டார். காலேஜில் படித்தது என்னவோ கணக்குப்பதிவியல்! எலெக்ட்ரானிக்ஸில் நமக்குக் கிடைக்கப் போகிற டிப்ளமோகூட அவருக்குக் கிடையாது.

கணக்கர் வேலை பார்த்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலையும் போயிற்று. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர் பழுது பார்ப்பதோடு, கூட்டங்களுக்கு ஒலிபெருக்கியும் வாடகைக்கு விட்டார். நம்மூர் பாஷையில் சொன்னால் மைக்செட் கடை. அங்கேதான் பாட்டுக்காரர்கள் தங்கள் கிதாரையும் ஆம்ப்ளிஃபயரையும் ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்வார்கள். இவர் கேட்டுக்கொள்வார்.

அப்போது பெரிய குறை எது தெரியுமா? உள்ளே கூடாக இருக்கும் கிதாரில் பிக்கப் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தமே கிதார் பலகையை அதிர வைக்கும். அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். கடைசியில் ஊளைச் சத்தம். லியோ பலகையை அதிர விடாமல் கெட்டி மரத்தில் உடலைச் செய்தார். கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியும். முதல் வருஷம் நாம் படித்த ஃபாரடேயின் மின்தூண்டல்தான், வேறொன்றுமில்லை. கெட்டி மரக் கிதாரை முதலில் செய்தவர் இவர் என்று சொல்ல முடியாது, இவருக்கு முன்பே சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் 1950இல் சாதாரணப் பாட்டுக்காரன் வாங்குகிற விலையில், தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து வெளியிட்டவர் இவர். அதற்கு முதலில் வைத்த பெயரை இன்னொரு கம்பெனி தன் பெயர் என்று சொல்லிவிட்டதால் மாற்ற வேண்டி வந்தது. அதுதான் இன்றைக்கும் விற்கும் டெலிகாஸ்டர்.

நமக்குச் சுவையான விஷயம் அதன் கழுத்து. பழைய வழக்கப்படி கிதாரின் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். கழுத்து வளைந்தால் ஆவி காட்டிப் பிரிக்க ஆசாரிதான் வேண்டும். லியோ நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ரிப்பேர் கடைக்காரனுக்கு மட்டும் தோன்றக்கூடிய யோசனை இது.

டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் சொன்னார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் விலா படும் இடத்தையும் முன்கை படும் இடத்தையும் இழைத்துக் குழித்துவிட்டார். எங்க அப்பா புது மண்வெட்டிக்குப் பிடி போட்டால், கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டித் தன் கைக்குத் தோதாக ஆக்கிய பிறகுதான் காட்டுக்கு எடுத்துப் போவார். அதே வேலைதான் இதுவும். ஆச்சரியம் என்னவென்றால் லியோவுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது, சுருதி சேர்க்கக்கூடத் தெரியாது! செய்ததைப் பாட்டுக்காரர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறையைத்தான் நம்பினார். வாசிக்கத் தெரிந்திருந்தால் தன் கைக்கு மட்டும் செய்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

அப்படிப்பட்டவரும் ஓரிடத்தில் சறுக்கினார். என் 7,000 ரூபாய்க்குப் பாடம் கிடைத்த இடமும் அதுதான். 1960களின் முற்பாதியில், ஜெர்மன்காரரான ரோஜர் ராஸ்மைசல் என்ற கைவினைஞரை வைத்துக்கொண்டு லியோவின் கம்பெனி அக்கூஸ்டிக் கிதார் செய்தது. எலெக்ட்ரிக் வாசிப்பவன் எடுத்தால் கைக்கு வித்தியாசமே தெரியக் கூடாது என்று அதே மாதிரி கழுத்து, அதே ஸ்க்ரூ, அதே மாதிரி தலை. பலவற்றில் இறுக்கத்தைத் தாங்க உள்ளே ஓர் அலுமினியக் குழாயும் உண்டு. கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கூஸ்டிக் வாசிப்பவர்களுக்கு அதன் நாதம் பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றுபோனது.

காரணம் யோசித்தால் புரியும். எலெக்ட்ரிக்கில் மரம் சும்மா இருந்தால் போதும், மிச்சத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதே, சாதா மாண்டலினில் கமகம் முடிவதற்குள் நாதம் செத்துப்போகும் என்பதால்தான். அக்கூஸ்டிக்கில் ஆம்ப்ளிஃபயரே மேல்பலகைதான். கம்பியின் பலம் முழுக்க அந்த மெல்லிய பலகையை அசைக்கச் செலவாக வேண்டும். அதனால்தான் அதில் தடித்த கம்பி. ஸ்க்ரூ போட்ட கழுத்தின் மேல் தப்பில்லை என்பது என் கட்சி. 1974இல் தொடங்கிய டெய்லர் கம்பெனி போல்ட் போட்ட கழுத்தோடு அக்கூஸ்டிக் செய்து பேர் வாங்கியது.

லியோவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், 1965இல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு உடம்பு தேறிவிட்டது! சும்மா இருக்க முடியுமா? மியூசிக் மேன், ஜி அண்ட் எல் என்று அடுத்தடுத்த கம்பெனிகளில் மறுபடி கிதார் செய்தார். நடுக்குவாத நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று, 81 வயதில் காலமானார்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி கடைக்குப் போனேன், இந்தத் தடவை கையில் ஸ்டீல் ஸ்கேலோடு. கழுத்தைப் பலகை பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன். நேராக இருக்கிறதா, உள்ளே முறுக்கிச் சரிசெய்யும் கம்பி இருக்கிறதா என்று கவனித்தேன். தலைப்பக்கம் கழுத்தின் அகலம் 43 மில்லிமீட்டர், என் எலெக்ட்ரிக்குக்குப் பக்கத்தில் வந்தது. பெரிய உடல் கிதார் கக்கத்தில் இடித்தது, அதனால் சின்னது. கெட்டிப் பலகை வைத்ததுக்குக் காசு போதவில்லை. ஒட்டுப்பலகைதான். எங்கள் மலை ஈரத்துக்கு அதுவே தாங்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இருந்த கம்பி அங்குலத்தில் .012இல் தொடங்கும் செட்; .010 செட்டுக்கு மாற்றச் சொன்னேன். சத்தம் கொஞ்சம் குறையும், தெரிந்துதான் மாற்றினேன். எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய்.

பன்னிரண்டாம் கட்டையில் கம்பியின் உயரம் 3 மில்லிமீட்டர் இருந்தது. அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால், பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டையை அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஹாஸ்டல் வராண்டாவில் உப்புத்தாளைத் தரையில் விரித்து, தேய்க்க, அளக்க, மறுபடி தேய்க்க என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அதிகமாகத் தேய்த்துவிட்டால் கம்பி கட்டையில் உரசி இரையும், அந்தப் பயம் வேறு.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போலக் கரண்ட் போச்சு. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தேன். விரல் எரியவில்லை. ஆம்ப்ளிஃபயர் அளவுக்குச் சத்தம் இல்லை. அடுப்படி வரைக்கும் கேட்டதாம், அப்பாயி வந்து சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.