தேவமாதாவுக்குப் பாடிய சினிமாச் சிறுமி



அக்டோபரில் ஜெபமாலை முடிந்ததும் உங்கள் தோட்டத்துக் கோவிலில் எந்தப் பாட்டை எடுக்கிறார்கள்? பெரும்பாலும் ‘அருள் தாரும் தேவமாதாவே’தான். அது சினிமாப் பாட்டு என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதைப் பாடிய ஜிக்கியின் வாழ்வை அறிந்த பின் நீங்களே தீர்மானியுங்கள்.

கிருஷ்ணவேணி என்பது அவரது இயற்பெயர். தெலுங்குக் குடும்பம், நம் சபையைச் சேர்ந்ததன்று. முறையாகச் சங்கீதம் பயிலவில்லை. கேட்டதை அப்படியே பாடிவிடும் காது மட்டும் இருந்தது. 1943 இல் ‘பந்துலம்மா’ என்ற தெலுங்குப் படத்தில் குழந்தையாகவே அறிமுகமானார்.

1948 இல் சிட்டாடல் நிறுவனத்தார் ‘ஞானசௌந்தரி’யைப் படமாக்கினார்கள். மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த அரசகுமாரிக்குத் தேவமாதா மீண்டும் கைகளை அருளிய கதை அது. நம் முன்னோர் நாடகமாகப் பார்த்து அழுத கதைதான். அதே ஆண்டு ஜெமினியாரும் இக்கதையைப் படமாக எடுத்தார்கள்; அது சிட்டாடல் படத்தின் முன் நிற்கவில்லை. சிட்டாடல் படத்தில் சிறுமி ஞானசௌந்தரி மாதாவை வேண்டுகிறாள். பாடல் முடிவதற்குள் வளர்ந்த பெண்ணாகிறாள். வளர்ந்தவளுக்குக் குரல் கொடுத்தவர் பி. ஏ. பெரியநாயகி. சிறுமிக்குப் பாடியவர், அப்போது பதின்மூன்று வயதும் நிறையாத ஜிக்கி. மெட்டமைத்த எஸ். வி. வெங்கட்ராமன், மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘மீரா’ படத்தில் கண்ணன் பாடல்களுக்கு இசையமைத்தவர்.

கொட்டகைக்காகப் பிறந்த அந்தப் பாட்டு, கேட்டவர்களின் வாய்வழியாக லயத்துக்கும் கோவிலுக்கும் வந்து சேர்ந்தது. இது தகுமா? 1963 இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்களின் பக்திப் பாடல்களை ஊக்குவிக்கச் சொல்கிறது. ஆனால் வழிபாட்டுப் பாடலின் சொற்கள் நம் விசுவாசத்துக்கு இசைந்திருக்க வேண்டும், முக்கியமாகத் திருமறை நூலிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே ஜெபமாலைக்கும் சுருபப் பவனிக்கும் இந்தப் பாட்டு இருக்கட்டும். பூசையில் அந்த அந்தப் பகுதிக்குரிய பாடல்களைப் பாடுவதே முறை. காதல் பாட்டின் மெட்டில் கிறிஸ்து பிறப்புக் கீதம் கட்டுகிறோமே, அது வேறு சங்கதி! அங்கே பாடுகிறவரின் மனம் பாலனிடம் போகாது, படத்துக்கே போகும். ஜிக்கியின் பாட்டு கதையிலேயே ஜெபமாகப் பிறந்தது.

பின்னர் அவர் பாடியவை எல்லாம் ஜெபமல்ல. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போட்டி நடனப் பாட்டில் பி. லீலாவோடு சேர்ந்து பாடியவரும் அவரே. தமிழ், தெலுங்கு, மலையாளத்தோடு நம் நாட்டுச் சிங்களத்திலும் பாடினார். பாடகரும் இசையமைப்பாளருமான ஏ. எம். ராஜாவை மணந்தார். 1989 இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் ராஜா இறந்தார். வெகுநாள் வாய்ப்பின்றி இருந்த ஜிக்கியை இளையராஜா மீண்டும் பாடவைத்தார். இறுதியில் புற்றுநோய் அவரைப் பற்றியது. 2004 ஆகஸ்ட் 16 இல் சென்னையில் காலமானார்.

அடுத்த ஜெபமாலை மாதத்தில் உங்கள் தோட்டத்தில் அந்தப் பாட்டை எடுக்கும்போது, அவருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.