எலும்பு வைத்தியர் மகன் ஹியூ ஓவன் தாமஸ்

இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வலி என்று ஆஸ்பத்திரிக்குச் செல்வோரை டாக்டர் முதலில் நாலடி நடக்கச் சொல்வார். பிறகு மேசைமீது மல்லாந்து படுக்க வைப்பார். வலியில்லாத காலை எடுத்து, முழங்கால் வயிற்றைத் தொடும்படி மடக்குவார். ஆனால் அவருடைய கண் மடக்கிய காலில் இராது, சும்மா கிடக்கும் மற்றக் காலின்மீதே இருக்கும். அந்தக் கால் மேசையை விட்டு மேலெழுந்தால், நோய் அந்தப் பக்கத்து இடுப்பு மூட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். இதற்குத் தாமஸ் சோதனை என்று பெயர். மருத்துவ மாணவர் யாவரும் இதை மனப்பாடம் செய்கின்றனர். அந்தத் தாமஸ் யார் என்று கேட்டால் மட்டும் பலர் விழிக்கின்றனர்.

ஹியூ ஓவன் தாமஸ் 1834 ஆகஸ்டு 23 அன்று, வேல்ஸ் நாட்டைச் சார்ந்த ஆங்கில்சி என்னும் தீவில் பிறந்தார். அவர் பிறந்த குடும்பம் எலும்பு கட்டும் குடும்பம். அதன் தோற்றத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 1745 வாக்கில் அத்தீவின் கரையோரம் ஒரு கப்பல் உடைந்ததாம். கரை ஒதுங்கிய சிறுவன் ஒருவனுடைய மொழி அங்கே எவருக்கும் விளங்கவில்லையாம். ஊரார் அவனுக்கு இவான் தாமஸ் என்று பெயரிட்டு வளர்த்தனர். கால் ஒடிந்த பறவைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் கட்டுப்போட்டுக் குணமாக்கும் கை அவனுக்கு இயற்கையாகவே வாய்த்திருந்தது என்பர். அவன் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்தனர்.

இதைப் படிக்கும்போது நம்மில் பலருக்குப் புத்தூர் நினைவு வரும். ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்துப் புத்தூரில் ஒரு குடும்பத்தார் தொடங்கிய கட்டு, தென்னாடு முழுவதும் புகழ் பெற்றது. பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்த முறைக்கு இன்றும் ஆள் குறையவில்லை. பொம்மசந்திரம், ஜிகணி, அத்திபெலே ஆலைகளில் வேலை செய்யும் நம்மவருக்குக் கை பிசகினாலும் கால் பிசகினாலும் முதலில் வாயில் வரும் சொல் புத்தூர்க் கட்டுதான். அதன் நன்மை தீமையைப் பிறகு பார்ப்போம்.

ஹியூவின் தந்தையாருக்கும் இவான் தாமஸ் என்றே பெயர். அவர் இளவயதில் பிழைப்புத் தேடி லிவர்ப்பூல் நகருக்கு வந்தார். அக்காலத்து லிவர்ப்பூல் கப்பல் துறையும் பண்டசாலையும் நிறைந்த பெருநகர். வேல்ஸ்காரரும் ஐரிஷ்காரரும் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினர். வேல்ஸ்காரர் தம் தேவாலயங்களில் தம் மொழியிலேயே வழிபட்டனர். அவர்களுடைய தேசியக் கலைவிழாவே 1884இல் அந்த ஆங்கில நகரத்தில் நடைபெற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிற மொழி வழங்கும் ஊரில் சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவான் தாமஸ் அந்நகரில் எலும்பு வைத்தியராகப் பெயரெடுத்தார். படித்த டாக்டர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்மீது பலமுறை வழக்குகள் தொடரப்பட்டன. ஒவ்வொரு வழக்கிலும் குணமடைந்த ஏழைகள் சாட்சி கூற வந்தனர். ஆயினும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தம் கையில் உள்ள திறமை போதாது, தம் பிள்ளைகளின் கையில் பட்டமும் வேண்டும். ஐந்து பிள்ளைகளையும் மருத்துவம் படிக்க வைத்தார். தம்மை அவமதித்த வகுப்பாரிடமே பிள்ளைகளை அனுப்புவது எளிய காரியமா? அந்தத் தந்தையின் துணிவு மகனுடைய புகழுக்குக் குறைந்ததன்று என்பது என் கருத்து.

ஹியூ, செயின்ட் அசாப் என்னும் ஊரில் டாக்டராக இருந்த உறவினர் ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் பயின்றார். பின் எடின்பரோவிலும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் படித்து 1857இல் தேறினார். அடுத்த ஆண்டு தந்தையுடன் சேர்ந்தார். தந்தையும் மகனும் ஒத்துப்போகவில்லை, ஓராண்டளவில் பிரிந்துவிட்டனர். கல்லூரி மகனும் கைத்தொழில் தந்தையும் ஒரே நோயாளியின் இரு பக்கத்திலும் நின்றால் வேறென்ன நடக்கும்?

அவர் தனியே தொழில் தொடங்கினார். 1866 முதல் நெல்சன் தெரு 11ஆம் எண் வீடே அவருக்கு வீடும் ஆஸ்பத்திரியும் ஆயிற்று. உருவத்தில் சிறியவர்; மெலிந்த உடல். கழுத்துவரை பொத்தான் இட்ட கறுப்புக் கோட்டு. ஒரு கண்ணில் பட்ட காயத்தை மறைக்க அந்தப் பக்கம் சாய்த்து வைத்த தொப்பி. வாயில் ஓயாத சிகரெட்டு. விடியுமுன்பே வண்டியேறித் துறைமுகத் தொழிலாளர் குடிசைகளைச் சுற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவச வைத்தியம். அன்று நெல்சன் தெருவில் நொண்டிகளும் கைத்தடிகளும் தாய்மார் தோளில் குழந்தைகளும் நிறைந்திருக்கும். வீட்டிலேயே கொல்லனையும் தோல் தைப்பவனையும் வேலைக்கு வைத்திருந்தார். நோயாளியை அளந்து பார்த்த உடனே பின்கட்டில் இரும்பு அடிக்கும் ஓசை கேட்கும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் அவருக்குக் கடைசிவரை ஒரு பதவி தரவில்லை. அவரும் போய்க் கேட்டு நின்றவர் அல்லர்.

அந்நாளில் ஏழைக் குழந்தைகளைப் பிடித்தாட்டிய கொடுமை, மூட்டுகளில் வரும் காசநோய். அதிலும் இடுப்பு மூட்டுக் காசம் கொடியது. காசக் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல். ராண்ட்ஜன் கதிரைக் கண்டது 1895இல். காசத்தைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943இல். தாமஸ் இடுப்பு நோயைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டதோ 1875இல்! கதிர்ப்படம் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை, மருந்து இல்லை. கண்ணும் கையும் ஒரு மேசையுமே அவருடைய கருவிகள்.

இடுப்பு மூட்டு உடலில் மிக ஆழமாகப் புதைந்தது. முழங்காலைப்போல் வீக்கத்தைக் கண்ணால் காண முடியாது. வலியும் இடத்தை மாற்றிக் காட்டும். இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தெரியும். சில வேளை, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, முழங்காலில் தெரியும். இரண்டு மூட்டுகளுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே காரணம். ஆகவே முழங்கால் வலிக்கிறது என்று அழும் குழந்தைக்கு முழங்காலில் எண்ணெய் தேய்ப்பதோடு நில்லாமல் இடுப்பையும் ஆராய வேண்டும். இது இன்றும் மாறாத விதி.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. நோயுற்ற இடுப்பு சற்றே மடங்கிய நிலையில் இறுகிவிடும். அப்படியானால் குழந்தையைப் படுக்க வைத்ததும் தொடை தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமல்லவா? நிற்காது. குழந்தை தன்னையறியாமலே முதுகின் அடிப்பகுதியை வில்போல் வளைத்து, இடுப்பெலும்பை முன்புறம் சாய்த்து, காலை நேராகக் கிடத்திவிடும். பார்ப்பவர் இரண்டு கால்களும் சமமாக இருக்கின்றன என்று ஏமாறுவார். முதுகுக்கும் மேசைக்கும் இடையே கையை நுழைத்துப் பார்த்தால்தான் அந்த வளைவு தெரியும்.

தாமஸ் செய்தது இந்த வேஷத்தைக் கலைத்ததுதான். நல்ல காலை முழுதும் மடக்கி வயிற்றோடு அழுத்தினால் இடுப்பெலும்பு பின்புறம் திரும்பும். முதுகு மேசையில் படியும். இனி முதுகு வளைந்து உதவ வழியில்லை. நோயுற்ற தொடை தானாக மேலெழும். அது மேசையோடு செய்யும் கோணமே நோயின் அளவு. பஞ்சு மெத்தையில் செய்தால் இது பலிக்காது. உடல் அமிழ்ந்து வளைவை விழுங்கிவிடும். கெட்டியான பலகை வேண்டும். பௌதிகப் பரிசோதனைச் சாலையில் நாம் செய்வதும் இதுதானே? இரண்டு அளவுகள் ஒன்றையொன்று மறைக்கும்போது, ஒன்றை அசையாமல் நிறுத்திவிட்டு மற்றதை அளக்கிறோம்.

நோயைக் கண்ட பின் என்ன செய்வது? பிற டாக்டர்கள் பலர் மூட்டை வெட்டியெடுப்பதில் ஆர்வம் காட்டினர். தாமஸ் அதை எதிர்த்தார். நோயுற்ற மூட்டுக்குத் தடையில்லாத நீண்ட ஓய்வே மருந்து என்பது அவர் கொள்கை. ஓய்வு என்றால் குழந்தையைக் கட்டிலில் கட்டிப்போடுவது அன்று. தோள்பட்டைக்குக் கீழிருந்து கெண்டைக்கால்வரை முதுகுப்புறமாக ஓர் இரும்புப் பட்டை, மார்பிலும் தொடையிலும் காலிலும் அதைப் பிணைக்கும் வளையங்கள், தோல் உறை. நல்ல காலின் செருப்புக்கு அடியில் ஓர் உயரக்கட்டை, கையில் ஊன்றுகோல்கள். நோயுற்ற கால் தரையில் படாமல் தொங்க, குழந்தை தெருவில் காற்று வாங்க நடக்கும். மூட்டுக்கு ஓய்வு, பிள்ளைக்கு விடுதலை! முழங்கால் நோய்க்கு அவர் செய்த மற்றொரு கருவியில், தொடையிடுக்கில் பொருந்தும் தோல் வளையமும் அதிலிருந்து பாதம்வரை செல்லும் இரு கம்பிகளும் இருந்தன. அதுவே உலகெங்கும் தாமஸ் சிம்பு என்று பெயர் பெற்றது.

அவர் குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்தில் அவர் கடுமையானவர். எதிராளியைக் குத்தாமல் ஒரு பக்கம் எழுதமாட்டார். நடையும் கரடுமுரடு. மேதைகளை உலகம் புறக்கணித்தது என்று நாம் வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தாமஸின் விஷயத்தில் பாதிக் கதவை அவரே சாத்திக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

மறு பாதியைத் திறந்தவர் ராபர்ட் ஜோன்ஸ். அவர் தாமஸின் மனைவி எலிசபெத்தின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. மக்கட்பேறில்லாத அந்த வீட்டிற்கு 1873இல், பதினாறு வயதில், படிக்க வந்தார். மாமா கடிந்து சொன்னதை இவர் இன்முகத்தோடு சொன்னார், உலகம் கேட்டது.

1891 ஜனவரி 6 அன்று நிமோனியாவால் தாமஸ் காலமானார். வயது 56. லிவர்ப்பூல் ஏழைகள் ஆயிரக்கணக்கில் அவர் சவ ஊர்வலத்தில் திரண்டனர்.

முதல் உலகப் போரில் தொடையெலும்பு குண்டடிபட்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். நூற்றுக்கு 80 பேர் என்று பாடநூல்கள் கூறும். அந்த எண் மிகைப்பட்டது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். போர்க்களத்திலேயே தாமஸ் சிம்பு கட்ட வேண்டும் என்று ராபர்ட் ஜோன்ஸ் வற்புறுத்தினார். 1917இல் அர்ராஸ் போரில் அவ்வாறு கட்டப்பட்ட ஏறத்தாழ 1,000 பேரில் இறந்தவர் நூற்றுக்கு 16க்கும் குறைவு. தாமஸ் மறைந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய ஓய்வுக் கொள்கை அப்படியே நிலைக்கவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அதுவே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம். நுரையீரல் காசம் உள்ளவர் சானட்டோரியத்தில் ஓய்வாகக் கிடந்தாலும், தம் குடிசையில் இருந்தபடியே மருந்து உண்டாலும், குணம் ஏறத்தாழ ஒன்றே என்று 1959இல் அங்கிருந்து வந்த ஆராய்ச்சி உலகை வியக்க வைத்தது. மருந்து வந்த பின் ஓய்வின் இடம் சுருங்கிற்று. மூட்டுக் காசத்திலோ, இறுகிப்போகாமல் தடுக்கச் சிம்பும் பயிற்சியும் மருந்தோடு சேர்ந்து இன்றும் வேண்டியிருக்கின்றன. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர் ஆதலால், இடுப்புக் காசம் நமக்குப் பழங்கதை ஆகிவிடவில்லை.

சோதனையோ நிலைத்துவிட்டது. 1895இல் ஜெர்மானிய டாக்டர் டிரெண்டலன்பர்க், ஒற்றைக் காலில் நிற்க வைத்து எதிர்ப்பக்க இடுப்பு தாழ்கிறதா என்று பார்க்கும் முறையை வெளியிட்டார். அதையும் தாமஸின் முறையையும் சேர்த்தே இன்று கற்பிக்கின்றனர். ஓட்டக்காரர்களுக்கும் பந்தாட்டக்காரர்களுக்கும் தொடையிடுக்கில் வலி வந்தால், தொடையை மடக்கும் தசை இறுகியிருக்கிறதா என்று பார்க்கத் தாமஸ் முறையைச் சற்று மாற்றி, மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டுச் செய்கின்றனர். காலை எவ்வளவு அழுத்தி மடக்குவது என்பதில் கைக்குக் கை வேறுபாடு வரும். அதனால் அந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவதில்லை.

புத்தூர்க் கட்டைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றேன். தாமஸ் குடும்பத்தைக் காட்டி, பரம்பரைக் கை போதும் என்று வாதிடுவோர் உண்டு. பரம்பரைக் கை போதாது என்று கண்டவரே இவான் தாமஸ் அல்லவா? வயதானவர் வழுக்கி விழுந்து, தொடையிடுக்கு வலிக்கிறது, கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடக்கிறது என்றால், அது பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவு. அதற்குப் பத்தை வைத்துக் கட்டுவதில் பயனில்லை. அன்றே கதிர்ப்படம் எடுத்து, தேவையானால் அறுவை செய்ய வேண்டும். இறுக்கிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, கையோ காலோ அழுகிப்போவதும் உண்டு. விரல் நிறம் மாறினாலும் மரத்துப்போனாலும் யார் கட்டிய கட்டானாலும் உடனே அவிழ்க்க வேண்டும்.

நெல்சன் தெரு இன்று லிவர்ப்பூலில் சீனர் வாழும் பகுதியாக இருக்கிறது. அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் எலும்பு மருத்துவப் பட்டத்திற்காக நம் நாட்டு டாக்டர்கள் பலர் சென்ற நூற்றாண்டில் கப்பலேறினர். திரும்பி வந்து நம் மருத்துவக் கல்லூரிகளில் எலும்பு மருத்துவத் துறைகளை வளர்த்தவர்களில் அவர்களும் உண்டு.