கல்லறைக் கல்லைப் படித்தவர்

நுழையும்முன்

பெருங்குடியில் சதுப்பு நிலத்தையொட்டி அடுக்குமாடிகள் எழுகின்றன. களிமண்ணுக்கும் மணலுக்கும் அடியில் அவற்றைத் தாங்கி நிற்பது கரும்பாறை. அப்பாறையே மேற்கில் பரங்கிமலையாகவும் பல்லாவரத்துக் குன்றுகளாகவும் தலைநிமிர்ந்து நிற்கிறது. நாம் ‘கருங்கல்’ என்றழைக்கும் அதனை உலக நிலவியல் அறியச் செய்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட். அவரது வாழ்வை அறிவோம்.

இளமையும் பணியும்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி, சுரங்கங்களுக்கும் கிரானைட் பாறைகளுக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள ஹெல்ஸ்டன் என்னும் ஊரில் 1868ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஹாலண்ட் பிறந்தார். இலண்டனில் நிலவியல் பயின்ற அவர், 1890இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அருங்காட்சியகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பேணும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது.

கல் சொன்ன செய்தி

கல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் குழுமத்தின் அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறை உள்ளது. அதன்மேல் கிடந்த கரிய பலகைக்கல்லை இருநூறு ஆண்டுகளாகப் பலரும் கண்டனர். அதன் எழுத்துகளைப் படித்தனர். ஹாலண்டோ கல்லையே படித்தார். ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய பாறைச் சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்வது அவர் கைவந்த கலை. வங்காளத்தின் வண்டல் மண்ணில் இத்தகைய கல் கிடைப்பதில்லை. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளோடு அது ஒத்திருந்தது. 1893இல் அவர் அப்பாறை வகைக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். தமிழ் மண்ணின் பாறை, கல்கத்தாவில் துயில்பவரின் பெயரைப் பெற்றது இவ்வாறுதான்.

கிரானைட்டைப் போலவே இப்பாறையிலும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு. எனினும் இதற்குத் தனித்தன்மை தருவது ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம். நீர்ச்சத்து மிகக் குறைந்து வெப்பம் மிகுந்த சூழலில், மைக்கா போன்ற நீர்ச்சத்துள்ள கனிமங்கள் நிலைப்பதில்லை. அவ்விடத்தில் ஹைப்பர்ஸ்தீன் தோன்றுகிறது. எனவே இக்கல், தான் பிறந்த ஆழத்தையும் வெம்மையையும் தன் வேதியியலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

முடியாத வினா

தென்னிந்தியாவின் பல பகுதிகளிலுள்ள இத்தகைய பாறைகளை ஒரே குடும்பமாகத் தொகுத்து, 1900இல் ஹாலண்ட் விரிவான ஆய்வுநூலை வெளியிட்டார். பாறைக்குழம்பு ஊடுருவிக் குளிர்ந்ததால் இவை பிறந்தன என்பது அவர் முடிவு. பின்வந்தோர் அதனை அப்படியே ஏற்கவில்லை. கர்நாடகத்தின் கப்பால்துர்காவில், பழைய நைஸ் பாறையின் நடுவே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் உருவாகியிருப்பதை அவர்கள் கண்டனர். குழம்பிலிருந்து பிறந்தவையும் உண்டு, உருமாறிப் பிறந்தவையும் உண்டு என்பதே இன்றைய தெளிவு. சென்னைப் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை. நிலமேலோட்டின் அடியாழத்தில் உருவான அவை, புவியசைவுகளால் உயர்ந்து, மேலிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டதால் வெளிவந்தன. இலங்கையிலும் அண்டார்க்டிகாவிலும் இவற்றின் உறவுப் பாறைகள் உள்ளன.

புகழும் நிழலும்

1903இல் ஹாலண்ட் துறையின் இயக்குநரானார். அவருக்குப் பத்தாண்டுகள் முன்பே பணியில் சேர்ந்தவர் பிரமதநாத் போஸ். இந்தியரான அவரைக் கடந்து இளையவருக்கு அப்பதவி வழங்கப்பட்டது. போஸ் பணியைத் துறந்தார். மயூர்பஞ்சில் அவர் கண்டறிந்த இரும்புத்தாது, பின்னர் ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்கு அடிப்படையாயிற்று. ஹாலண்டின் திறமை மெய்யானது. போஸுக்கு நேர்ந்த அநீதியும் மெய்யானதே. இரண்டையும் ஒருசேர அறிவதே வரலாற்றைக் கற்பதாகும்.

பிற்காலத்தில் ஹாலண்ட் 1916 முதல் 1918 வரை இந்தியத் தொழில் ஆணையத்திற்குத் தலைமை ஏற்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1929 முதல் 1944 வரை பணியாற்றினார். 1947ஆம் ஆண்டு மே மாதம், இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் மறைந்தார்.

மகேந்திரவர்மப் பல்லவன் குடைவரை அமைத்த பல்லாவரத்துக் குன்றுகளின் பெரும்பகுதி ஜல்லியாக உடைபட்டுச் சாலைகளிலும் கட்டடங்களிலும் கலந்துவிட்டது. எஞ்சிய பகுதியைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்துள்ளது. 250 கோடி ஆண்டுகளில் உருவான குன்றை ஒரு தலைமுறை கரைத்துவிடலாம். மீண்டும் ஆக்க எந்தத் தலைமுறையாலும் இயலாது. அடுத்தமுறை அவ்வழியே செல்லும்போது, அக்கல்லின்முன் ஒரு கணம் நின்று செல்லுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயில் தூண், ஆட்டுக்கல், நடுகல் ஆகியவற்றில் ஒன்றன் கல் எங்கிருந்து வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதுக.
2. ‘குன்றுகளைக் காப்பதும் வீடுகள் கட்டுவதும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.