ரப்பர் பாலில் பிறந்த பேனா

குட்டீஸ், உங்கள் தாத்தாவின் மேசையில் பழைய கறுப்பு மைப்பேனா இருக்கிறதா? அதைத் துணியால் பரபரவென்று தேய்த்து, மூக்கருகே கொண்டு போய்ப் பாருங்கள். லேசாகக் கந்தக வாசனை அடித்தால், அது எபோனைட் பேனாவாக இருக்கலாம். எபோனைட் என்பது பிளாஸ்டிக் அல்ல; ரப்பர் மரத்துப் பாலும் கந்தகமும் சேர்ந்து இறுகிய பொருள். இழுத்தால் நீளும் ரப்பர் பாண்டும், கல் போன்ற இந்தப் பேனாவும் ஒரே மரத்துப் பிள்ளைகள் என்றால் ஆச்சரியம்தானே? இதற்கு வழி திறந்தவர் சார்லஸ் குட்இயர்.

இவர் 1800 டிசம்பர் 29ல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பிலடெல்பியாவில் இரும்புச் சாமான் கடை வைத்தார். வியாபாரம் நொடித்தது. அந்தக் காலத்தில் கடனைத் திருப்பித் தராவிட்டால் சிறை! குட்இயர் பலமுறை உள்ளே போய் வந்தார்.

அப்போது ரப்பர் பொருட்கள் புதுசு. ஆனால், வெயில் வந்தால் பிசுபிசுவென்று உருகி நாறும். குளிர் வந்தால் விறைத்து வெடிக்கும். இதைச் சரிசெய்தே தீருவது என்று 1834ல் கிளம்பினார் குட்இயர். அவருக்கு வேதியியல் தெரியாது. சிறைக்குள்ளேயே ரப்பரைப் பிசைந்தார். மனைவியின் மாவு உருட்டும் கட்டையால் தேய்த்தார். சுண்ணாம்பு, நைட்ரிக் அமிலம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கலந்தார். ஒருமுறை அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்து கொடுக்கும் வேலை கிடைத்தது. செய்து மாட்டிவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தால், அத்தனையும் உருகித் தொங்கின!

வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார். அவரது பிடிவாதத்தை எவ்வளவு பாராட்டினாலும், இந்த இடத்தில் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

1839ல், ஊபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பின்மேல் பட்டது. உருகியிருக்க வேண்டும்; உருகவில்லை. தோல் மாதிரி கருகி, ஓரத்தில் மட்டும் வளைந்து கொடுத்தது. ரப்பருக்குள் நூல் நூலாகக் கிடக்கும் மூலக்கூறுகளைக் கந்தகம் முடிச்சுப் போட்டு விடுகிறது. இதற்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்கவே சில வருடங்கள் ஓடின. 1844ல் காப்புரிமை கிடைத்தது.

கந்தகத்தைக் கொஞ்சம் போட்டால் வளையும் ரப்பர். நிறையப் போட்டு, நெடுநேரம் சூடாக்கினால்? முடிச்சுகள் பெருகி, மரம் போலக் கெட்டியாகிவிடும். இந்தக் கெட்டி ரப்பருக்கு 1851ல் காப்புரிமை வாங்கியவர் அவரது தம்பி நெல்சன். எபனி என்ற கருமரம் போல இருந்ததால், எபோனைட் என்றும் பெயர் வந்தது.

குட்இயரை மட்டும் கடன் விடவில்லை. 1855ல் பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கௌரவப் பதக்கம் அளித்தபோது, அவர் பாரிசில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். மகன்தான் அதைக் கொண்டு போய்க் கொடுத்தார். 1860 ஜூலை 1ல் நியூயார்க்கில் இறந்தபோது, சுமார் 2 லட்சம் டாலர் கடன் பாக்கி. (குட்இயர் டயர் கம்பெனி அவருடையது அல்ல, 1898ல் வேறொருவர் தொடங்கி, அவர் நினைவாகப் பெயர் வைத்தார்.)

1884ல் லூயிஸ் வாட்டர்மேன் என்பவர் மைப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அவரது பேனாக்களுக்கு உடம்பானது கெட்டி ரப்பர்தான். மை அரிக்காது, கனமில்லை, கையில் சில்லென்று இருக்காது. எல்லாவற்றையும்விட, மரம் போலக் கடையலாம்.

நம் திருவள்ளூரிலும், ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் இன்றும் கையாலேயே கடைகிறார்கள். எபோனைட் கம்பியை லேத்தில் பொருத்தி, நடுவில் துளை போடுவார்கள். சுழலும் கம்பிமேல் உளியை வைத்தால், துருவல் சுருள் சுருளாக உதிரும். மூடியும் உடம்பும் சேர மரை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு ஏற்றினால் நிப்பு மாட்ட வேண்டியதுதான் பாக்கி!