நகரபிதா யோசேப்பு சேம்பர்லேன்

நாடாண்ட மன்னர்களின் சரித்திரங்களை நாம் விரும்பிப் படிக்கின்றோம். போர்க்களத்தில் வெற்றி பெற்றோரின் பெயர்களையும் ஆண்டுகளையும் மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர். ஆயின், ஓர் ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுத்தவர் யார், அதன் தெருக்களில் விளக்கேற்றியவர் யார், அதற்கு வேண்டிய பணத்தை அவர் எவ்வாறு தேடினார் என்று கேட்போர் மிகச் சிலரே. மனிதனது நாளாந்த வாழ்க்கையில் அரசாங்கத்திலும் பார்க்க அண்மையில் நிற்பது அவனது ஊர்ச்சபையேயாகும். நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் மாநகர சபைகளிலும், நகர சபைகளிலும், பிரதேச சபைகளிலும் உறுப்பினராகவும் உத்தியோகத்தராகவும் பணியாற்றியுள்ளனர். இன்று வகுப்பறையில் இருப்போருட் சிலரும் நாளை அப்பணிக்குச் செல்வர். ஆதலின், இவ்விழா மலரிலே, நகராட்சியை ஓர் உயர்ந்த தொண்டாக்கிக் காட்டிய யோசேப்பு சேம்பர்லேன் என்னும் ஆங்கிலப் பெரியாரின் வாழ்க்கையைச் சுருக்கிக் கூற முற்படுகின்றோம்.

சேம்பர்லேன் 1836 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆந் தேதி இலண்டன் மாநகரைச் சேர்ந்த கம்பவெல் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் பாதரட்சை செய்விக்கும் தொழிலுடையவர். குடும்பத்தினர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத யூனிற்றேரியன் சமயத்தவர். பள்ளியிலே கணிதத்திலும் பிரெஞ்சு மொழியிலும் பரிசில் பெற்ற மாணவராயிருந்தும், பதினாறாவது வயதிற் கல்வியை நிறுத்தித் தந்தையாரின் தொழிலிற் சேர்ந்தார். பல்கலைக்கழகப் படியை மாணவராக மிதிக்காத அவரே, பிற்காலத்திற் பேர்மிங்காம் பல்கலைக்கழகம் 1900 இல் அமைவதற்கு முன்னின்று, அதன் முதல் வேந்தராகவும் வீற்றிருந்தார் என்பதை நமது மாணாக்கர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அவருடைய மாமா நெற்றில்போல்ட் என்பவர் பேர்மிங்காமில் திருகாணித் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். அமெரிக்காவிற் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட இயந்திரங்களை அத்தொழிலிற் புகுத்துவதற்குச் சேம்பர்லேனின் தந்தையார் முதல் இட்டார். அம்முதலைக் கண்காணிக்கும் பொருட்டு 1854 இல் தம் பதினெட்டு வயது மகனை அங்கே அனுப்பினார். கணக்கேடுகளோடு தொடங்கிய அவ்விளைஞரின் முயற்சியால், இங்கிலாந்திற் செய்யப்பட்ட திருகாணிகளுள் மூன்றில் இரண்டு பங்கு அத்தொழிற்சாலையிலிருந்தே வெளிவரும் நிலை உண்டாயிற்று. மாலை வேளைகளில் அவர் தொழிலாளருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தும் வந்தார். ஏழையின் வீடும் அவன் பிள்ளைகளின் கல்லாமையும் அவர் கண்முன் நின்றன. யாவருக்கும் கல்வி வேண்டுமென்று 1869 இல் தேசியக் கல்விச் சங்கத்தைத் தொடக்கி நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். அவ்வாண்டு நவம்பரிலேயே நகரசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்துப் பேர்மிங்காமின் நிலையை ஈண்டுச் சிறிது நோக்குவாம். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகருக்கு 1838 இலேயே சபை அமைந்திருந்தது. ஆயினும், நெடுங்காலம் அச்சபையிற் செல்வாக்குடன் இருந்தோர் சிக்கனக் கட்சியினராவர். வரி ஒரு பென்சேனும் ஏறலாகாது என்பதே அவர்தம் ஒரே கொள்கை. சபை அலுவல்களை அவர்கள் மதுச்சாலை ஒன்றிலே கூடிப் பேசி முடிப்பதும் உண்டு. கழிவு நீர் ஓட வழியில்லை. குடிசைகள் நெருங்கிய முடுக்குகளிலே கிணறும் மலக்குழியும் அடுத்தடுத்து இருந்தன. குழாய் நீர் தனியார் கம்பனி ஒன்றின் வியாபாரமாயிருந்தமையால், ஏழைகள் அழுக்குக் கிணற்று நீரையே அருந்தினர். வரி குறைந்திருந்தது, இறப்பு மிகுந்திருந்தது. கிணற்று நீரையே நம்பி வாழும் ஊரவராகிய நமக்கு அந்நிலையின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1873 ஆம் ஆண்டு நவம்பரிற் சேம்பர்லேன் நகரபிதாவானார். மறு ஆண்டிலே தொழிலிலிருந்து விலகித் தமது முழு நேரத்தையும் நகருக்கே அளித்தார். அவர் முதலிற் கை வைத்தது எரிவாயுவில். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவே அந்நாளில் தெருவிளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் பயன்பட்டது. இரண்டு கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஒரே தெருவை மாறி மாறித் தோண்டிக் குழாய் பதித்து வந்தன. அவ்விரண்டையும் நகரசபை ஏறக்குறைய 1,953,000 பவுணுக்கு வாங்கல் வேண்டுமென்று அவர் முன்மொழிந்தார். இத்துணைப் பெருங்கடனா என்று அஞ்சினோர் பலர். வரியிறுப்போர் மறுப்பாராயின் அக்கம்பனிகளைத் தாமே வாங்கிக்கொள்ளவும் ஆயத்தமென்று அவர் கூறினார். தமது பணத்தை இடுவதற்கு அஞ்சாத ஒருவர் ஊர்ப்பணத்தை இடச் சொல்கின்றார் என்பதை ஊர் உணர்ந்தது. 1875 இற் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. முதலாண்டிலேயே 34,000 பவுண் இலாபம் கிடைத்தது. அவ்விலாபத்தால் வரிச்சுமை தணிந்தது. பின்னர் வாயுவின் விலையும் குறைந்தது.

அடுத்து அவர் தண்ணீரை எடுத்துக்கொண்டார். நீர்க்கம்பனியை 1876 இல் 1,350,000 பவுணுக்கு நகரசபை வாங்கியது. இங்கேதான் அவரது கணக்கறிவையும் அறநெஞ்சையும் ஒருங்கே காண்கின்றோம். வாயுவில் இலாபம் எடுக்கலாம். அது வரியைக் குறைக்க உதவும். தண்ணீரில் ஒரு காசும் இலாபம் எடுத்தலாகாது. மிஞ்சுமாயின் நீர்வரியைக் குறைத்தல் வேண்டும். தண்ணீரின் ஆதாயம் மக்களின் நலத்திலே வரும் என்பது அவர் கருத்து. எந்தச் சேவையிற் பணம் தேடலாம், எதில் தேடலாகாது என்று பகுத்தறிவதே வரவு செலவுத் திட்டத்தின் உயிர்நிலை. அஃதறியாது எல்லாவற்றிலும் இலாபந் தேடுவோன் வணிகன். எதிலும் வரவு தேடாதவன் தன் சபையை வறுமைக்குள் ஆழ்த்துவான்.

அவர் வகுத்த முறையின் பயனுக்கு மற்றுமோர் உதாரணம் கூறுவாம். நூல்நிலையத்துக்கும் கலைக்கூடத்துக்கும் நகரசபை அறவிடக்கூடிய வரி, பவுண் ஒன்றுக்கு ஒரு பென்சுக்கு மேற்படலாகாதென்று சட்டம் தடுத்திருந்தது. அவ்வரி கலைக்கூடம் கட்டப் போதாதாயிற்று. வாயுப் பகுதியினர் தமது காரியாலயத்தைக் கட்டியபோது, அதன் மேலே கலைக்கூடத்தையும் தமது செலவிற் கட்டுவித்தனர். 1885 இல் அது திறக்கப்பட்டது. தெருவிளக்கில் வந்த இலாபம் ஓவியங்களைக் காண ஏழைக்கும் வழி செய்தது.

மூன்றாவது பெருவேலை, நகர் நடுவிலிருந்த சேரிகளை நீக்குதல். 1875 ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தைத் துணைக்கொண்டு, ஏறக்குறைய ஐம்பது ஏக்கர் நிலத்தைச் சபைக்காக வாங்கும் திட்டத்தை அவர் வகுத்தார். தம் கைப்பொருளிலிருந்து 10,000 பவுண் அளித்தார். அங்கே கோப்பரேசன் வீதி என்னும் அகன்ற வீதி எழுந்தது. நிலத்தை விற்று அன்றைய கடனைத் தீர்க்காமல், 75 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து, உரிமையைச் சபையிடமே வைத்தனர். குத்தகை முடியும் காலத்தில் நிலமும் கட்டிடமும் பேரப்பிள்ளைகளின் நகருக்குச் சொந்தமாகும் என்பது நோக்கம். 1873 முதல் 1875 வரை அப்பகுதியில் ஆயிரவருக்கு ஏறத்தாழ 53 ஆக இருந்த ஆண்டு இறப்பு, சில ஆண்டுகளுக்குள் 21 ஆகக் குறைந்தது.

ஆயினும், புகழை மாத்திரம் கூறி அமைதல் வரலாறாகாது. சேரியில் வாழ்ந்த ஏழைகளுக்கு அவ்விடத்திலே புதிய வீடுகள் கட்டுதல் மிகுந்த செலவாகுமென்று சபையின் குழு தீர்மானித்தது. கடைகளும் காரியாலயங்களும் எழுந்தன; ஏழைகள் இடம்பெயர்ந்தனர். குறைந்த இறப்புக் கணக்கினுள்ளே, அங்கிருந்து அகற்றப்பட்டோரின் கதை மறைந்து கிடக்கின்றது. ஏட்டில் வரவும் செலவும் சரியாயிருக்கலாம். எவர் தலையிற் சுமை இறங்கியதென்பதையும் தேடிப் பார்த்தல் நல்ல நகரபிதாவின் கடனாகும். இவ்விடத்திற் சேம்பர்லேனும் தவறினார் என்றே நாம் கருதுகின்றோம்.

இத்துணைப் பணிகளும் நடந்த காலம் அவருக்கு இன்பமான காலமன்று. முதல் மனைவியார் 1863 இல் மகப்பேற்றின்போது இறந்தார். இரண்டாம் மனைவியார் புளோறன்சும் 1875 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வாறே குழந்தையோடு இறந்தார். தாயில்லாப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, அவ்வாண்டிலேயே அவர் வாயுச் சட்டத்தையும் நீர்ச் சட்டத்தையும் நிறைவேற்றுவித்தார். அப்பிள்ளைகளுள் ஒஸ்ரின் பிற்காலத்தில் வெளிநாட்டு மந்திரியாகி, 1925 ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசைப் பெற்றார். நெவில் 1915 இல் தந்தையாரைப் போலவே பேர்மிங்காமின் நகரபிதாவாகி, 1937 இற் பிரித்தானியப் பிரதமரானார்.

1876 யூன் மாதத்திற் சேம்பர்லேன் பாராளுமன்றம் புகுந்தார். அயர்லாந்துச் சுயாட்சிப் பிரச்சினையில் 1886 இல் தலைவர் கிளாட்ஸ்டனை விட்டுப் பிரிந்தார். 1895 முதல் 1903 வரை குடியேற்றநாட்டு மந்திரியாயிருந்தார். அந்நாளில் இலங்கையும் அவர் இலாகாவுக்குட்பட்டிருந்தது. அவர் முன்னின்று நடத்திய தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் வீரர் ஆயிரக்கணக்கானோர் 1900 இல் நமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஊரவர் தம் பணத்தைத் தாமே ஆளவேண்டுமென்று பேர்மிங்காமிற் கற்பித்தவர், நமது சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினரை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை வழங்கினாரல்லர். 1911 இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் தேர்ந்தெடுக்கப்படும் வரை நாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. தன்னூருக்கு நல்லவர் பிறவூருக்கும் நல்லவராதல் எளிதன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

1906 யூலையில் எழுபதாவது பிறந்தநாளை நகரம் கொண்டாடிய சில தினங்களுள் அவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். எட்டாண்டு நோயுற்றிருந்து, 1914 யூலை 2 ஆந் தேதி காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அடக்கஞ் செய்ய இடமளிக்க முன்வந்தபோதும், குடும்பத்தினர் அவரைப் பேர்மிங்காம் மண்ணிலேயே அடக்கினர். அவர் பெயரால் 1880 இல் எழுப்பிய நீரூற்று இன்றும் அந்நகர் நடுவில் நிற்கின்றது. தண்ணீர் கொடுத்தவருக்கு இதனினும் ஏற்ற ஞாபகச்சின்னம் வேறில்லை.

இனி, நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 1890 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று உலகிலே மிக நன்றாக ஆளப்படும் நகரம் இதுவெனப் புகழ்ந்தெழுதிய அதே பேர்மிங்காம், 2023 ஆம் ஆண்டு செப்டெம்பரில், சட்டம் கட்டாயமாக்கிய சேவைகளையன்றி வேறு புதிய செலவு செய்ய இயலாதென்று அறிவித்தது. ஆண்களுக்குச் சமமான ஊதியம் கோரிய பெண் ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய பெருந்தொகை திரண்டிருந்தது. கணக்கு வைப்பதற்காக நிறுவிய புதிய கணினி முறையும் பெருஞ்செலவில் பிழைத்தது. மத்திய அரசாங்கத்திடமிருந்து கிடைத்த உதவிப்பணமும் முன்னைய ஆண்டுகளிற் குறைந்திருந்தது. ஆணையாளர் அனுப்பப்பட்டனர், வரி ஏறிற்று, சேவைகள் சுருங்கின. உரிய காலத்திற் கொடாத நியாயமான கூலி மறைந்து நின்று வளருங் கடன் என்பதை அந்நகர் கண்டது. சிக்கனக் கட்சியினர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நல்ல நீருக்குக் கொடாத பணமும் அவ்வாறே பிள்ளைகளின் உயிராகத் திருப்பிக் கொடுக்கப்பட்டதன்றோ?

முன்னோர் அமைத்த நல்லாட்சி முதுசொம் போன்று தானே நிலைத்திராது. ஆண்டுதோறும் கணக்கைத் திறந்து பார்த்து, நெடுங்காலம் நிற்பதற்குக் கடன் வாங்கவும், அன்றாடச் செலவுக்கு அன்றாட வரவைக் கொள்ளவும், ஏழையின் தண்ணீரில் இலாபம் பாராதிருக்கவும் வல்லோர் ஒவ்வொரு தலைமுறையிலும் தோன்றல் வேண்டும். மாணாக்கரே, நாளை உங்களுட் சிலர் ஊர்ச்சபையில் அமரும்போது, வரவு செலவு ஏட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடும், ஒரு கிணறும், ஒரு பிள்ளையும் இருப்பதை மறவாதிருப்பீர்களாக. அதுவே நாம் வேண்டுவது.