ஈதரைத் தேடிய மைக்கல்சன்

ஒலி பரவக் காற்று வேண்டும். கடலலைக்கு நீர் வேண்டும். அப்படியானால், சூரியனிலிருந்து வெற்றிடத்தைக் கடந்து வரும் ஒளியலை எதனூடாக வருகின்றது? அண்டமெங்கும் ஈதர் என்னும் கண்ணுக்குப் புலப்படாத ஊடகம் நிறைந்திருப்பதாக 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினர். அந்த ஈதரைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் ஆபிரகாம் மைக்கல்சன்.

1852ஆம் ஆண்டு, இன்றைய போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். தந்தை சுரங்க ஊர்களில் வியாபாரம் செய்தார். 1869இல் கடற்படைக் கல்லூரியில் இடம் கிடைக்காமற்போகவே, பதினாறு வயது மைக்கல்சன் வாஷிங்டனுக்குச் சென்று ஜனாதிபதி கிராண்டிடமே முறையிட்டு இடம் பெற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, சுழலும் ஆடியைக் கொண்டு ஒளியின் வேகத்தை மிகத் துல்லியமாக அளந்தார்.

அடுத்து ஈதரின் பக்கம் திரும்பினார். பூமி செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகின்றது. ஓடும் வாகனத்தில் இருப்பவரின் முகத்தில் காற்று மோதுவதுபோல, பூமியின் மீதும் ஈதர் மோத வேண்டும். அதனால் ஒளியின் வேகமும் திசைக்குத் திசை வேறுபட வேண்டும். இதனைக் காண, ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்துச் செங்குத்தான இரு பாதைகளில் அனுப்பி, ஆடிகளில் தெறிப்படைந்து மீண்டும் ஒன்றுசேரச் செய்தார். கருவியைத் திருப்பும்போது தலையீட்டுப் பட்டிகள் நகர்ந்தால் ஈதர் உண்டு.

1881இல் ஜேர்மனியில் செய்த பரிசோதனையில் எதிர்பார்த்த நகர்வு தென்படவில்லை. அவரது கணிப்பிலே குறையிருப்பதாக லோரன்ஸ் சுட்டிக்காட்டினார். எனவே 1887இல் கிளீவ்லாந்து நகரில் எட்வர்ட் மோர்லியுடன் மீண்டும் முயன்றார். அதிர்வு தாக்காதிருக்க, பாரிய கற்பலகையொன்றை இரசத்தில் மிதக்கவிட்டு அதன்மேல் கருவியை அமைத்தனர். எதிர்பார்த்த நகர்வில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

மைக்கல்சனுக்கு அது பெரும் ஏமாற்றம். எனினும் கண்டதை அப்படியே வெளியிட்டார். இயங்கும் பொருட்கள் சுருங்குகின்றன எனக் கூறி ஈதரைக் காப்பாற்ற லோரன்ஸ் முதலானோர் முயன்றனர். 1905இல் ஐன்ஸ்டைன் தமது சார்புக் கொள்கைக்கு ஈதர் தேவையே இல்லை என்றார். 1907இல் மைக்கல்சன், விஞ்ஞானத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கரானார். ஆயினும், ஈதரை முற்றாகக் கைவிட அவரது மனம் இறுதிவரை இடந்தரவில்லை. 1931 மே 9ஆம் திகதி அவர் காலமானபோதும், அவர் ஆரம்பித்த புதிய ஒளிவேக அளவீடு தொடர்ந்துகொண்டிருந்தது.

ஆய்வுகூடத்தில் எடுத்த வாசிப்பு, புத்தகத்திலுள்ள விடையோடு பொருந்தாதபோது அதனை மாற்றியெழுதும் ஆசை எந்த மாணவருக்கும் எழக்கூடும். மைக்கல்சனோ தாம் நேசித்த கருத்துக்கு எதிரான சான்றைத் தம் கையாலேயே உலகுக்குத் தந்தார். அவர் தேடிய ஈதர் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மறைக்காமல் எழுதிவைத்த முடிவு பௌதிகவியலின் போக்கையே மாற்ற உதவியது.