லட்ச ரூபாய் டாக்டர்

நீர் பிரியாத வேதனை பட்டவர்களுக்குத்தான் தெரியும். வயதான ஆண்களுக்கு இது அதிகம். மூத்திரப்பையின் வாயில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது பெருத்துவிட்டால் நீர் வரும் வழி அடைபடும். 19-ம் நூற்றாண்டில் பெரும்பாலோருக்கு ஒரே பரிகாரம், குழாயைச் சொருகி நீரை எடுப்பது. தினமும் பல தடவை, சாகும் வரை! குழாய் வழியே கிருமி ஏறிச் செத்தவர்கள் ஏராளம்.

இவர்களுக்கு விடிவு தேடித் தந்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் பிரேயர். அவர் கை பழகியது நம் இந்தியாவில்!

கல் உடைத்த கை

பிரேயர் 1851-ல் அயர்லாந்து தேசத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. பையன் கெட்டிக்காரன், டாக்டரானான். 1875-ல் இந்திய ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார்.

அப்போது வடநாட்டில் மூத்திரப்பைக் கல் சர்வ சாதாரணம். சிறு பிள்ளைகளுக்குக் கூட வரும். கத்தி வைத்துத்தான் கல்லை எடுப்பார்கள். 1878-ல் அமெரிக்க டாக்டர் பிகலோ வேறு வழி சொன்னார். நீர்த்தாரை வழியே இடுக்கியை விட்டுக் கல்லை நொறுக்கித் தூளை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை உடைத்துத் தூளாக்குகிறார்களே, அந்த வேலைதான். ஆனால் இங்கே கண்ணால் பார்க்க முடியாது. கை உணர்வு ஒன்றே துணை. பிரேயர் இதில் சூரரானார். நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

ராம்பூர் நவாபுக்கும் கல் நோய். பிரேயர் குணப்படுத்தினார். நவாப் கொடுத்த சன்மானம் ஒரு லட்ச ரூபாய்! அரசாங்க உத்தியோகஸ்தர் இவ்வளவு வாங்கலாமா என்று மேலிடம் ஆட்சேபித்தது. பெரிய தகராறாகி விட்டது.

உறையைத் தொடாத வழி

1896-ல் ஓய்வு பெற்று லண்டன் போனார். செயின்ட் பீட்டர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1900-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, 69 வயதுப் பெரியவர் ஒருவருக்கு அந்த ஆபரேஷனைச் செய்தார்.

குடல்களைச் சுற்றி மெல்லிய சவ்வு உறை இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே கிருமி புகுந்தால் அந்தக் காலத்தில் உயிர் தப்புவது அரிது. பென்சிலின் வராத காலம் அல்லவா? ஆனால் மூத்திரப்பை நிரம்பினால் மேலே எழும்பும். உறையும் சேர்ந்து மேலே போய்விடும். அப்போது அடிவயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே கீறினால், உறையைத் தொடாமலே பைக்குள் போகலாம்.

பிரேயர் பையைத் திறந்தார். விரலை விட்டார். சாத்துக்குடித் தோலிலிருந்து சுளையைப் பிரிப்பது போல, பெருத்த சதையைப் பிரித்து எடுத்தார். சில நிமிஷ வேலைதான். ரத்தமும் நீரும் வடிய ஒரு பெரிய குழாயை வைத்தார். பெரியவர் பிழைத்தார்.

1901-ல் இதைப் பத்திரிகையில் எழுதியதும் சண்டை கிளம்பியது. நியூயார்க்கில் புல்லர் என்பவர் முன்னாலேயே இதைச் செய்திருந்தார். பிரேயர் விட்டுக் கொடுக்கவில்லை. அந்த விஷயத்தில் நியாயம் புல்லர் பக்கம்தான். ஆனால் ஊரறியச் செய்து காட்டியவர் பிரேயர். 1912-க்குள் ஆயிரம் பேருக்குச் செய்துவிட்டார். நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான் இறந்தார்கள். கிழவர்களுக்குக் கத்தி வைக்கவே டாக்டர்கள் பயந்த காலம் அது.

1917-ல் சர் பட்டம் கிடைத்தது. 1921 செப்டம்பர் 9-ந் தேதி காலமானார்.

1945-ல் டெரன்ஸ் மில்லின் என்ற இன்னொரு அயர்லாந்துக்காரர், மூத்திரப்பையைக் கூடக் கீறாமல், எலும்புக்குப் பின்னால் நேராகச் சுரப்பிக்கே போகும் வழியைக் காட்டினார்.